பள்ளிக்கூட வீதிகளில் ஒரு நாள்: கருவடிக்குப்பத்திலிருந்து புறப்படுங்கள்

போர்டிங் ஸ்கூல் என்றால் நம் ஆட்களுக்கு ஊட்டியும் கொடைக்கானலும்தான் ஞாபகம் வரும். வெள்ளைக்காரர்கள் விடுதிப் பள்ளிகளை மலையில்தான் கட்டினார்கள். தங்கள் படைவீரர்களின் பிள்ளைகளும் பாதிரிமார்களின் பிள்ளைகளும் சமவெளி வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்ப வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. லவ்டேல் லாரன்ஸ் பள்ளி 1858இல் வந்தது. கொடைக்கானலில் அமெரிக்க மிஷனரிகள் 1901இல் தொடங்கினார்கள். ஏற்காடு மான்ஃபோர்ட் 1917இல் வந்தது.

பிரெஞ்சுக்காரர்களுக்குப் புதுச்சேரியில் மலை கிடையாது. பள்ளியையும் விடுதியையும் கடற்கரை ஊருக்குள்ளேயே, கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் நடுவில் கட்டிக்கொண்டார்கள். அதனால் நமக்கு ஒரு வசதி. இருநூறு ஆண்டுப் பள்ளி வரலாற்றை மலை ஏறாமல், செருப்பு தேயாமல், ஒரே நாளில் பார்த்துவிடலாம். இந்தப் பள்ளிகளைக் கட்டடங்களாக மட்டும் பார்த்தால் பாதிதான் கிடைக்கும். ஒவ்வொரு வாசலிலும் நின்று, ‘இங்கே யாரை உள்ளே விட்டார்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். ஊரின் கதை அதற்குள் இருக்கிறது.

ஏன் கருவடிக்குப்பம்?

புதுச்சேரியின் வடக்கே, முத்தியால்பேட்டைக்கும் லாஸ்பேட்டைக்கும் இடையில் இருக்கிறது கருவடிக்குப்பம். கடற்கரைச் சாலையிலிருந்து ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக வருகிறவர்கள் பேருந்து நிலையம் வரை போக வேண்டியதில்லை. நடத்துநரிடம் முன்பே சொல்லிவைத்து சிவாஜி சிலை அருகே இறங்கிக்கொள்ளுங்கள். திண்டிவனம் புறவழிச்சாலை வழியாக வரும் பேருந்து இந்தப் பக்கம் வராது. ஏறுவதற்கு முன் ‘ஈ.சி.ஆர். வண்டியா?’ என்று கேட்டுக்கொள்வது நல்லது. விமான நிலையம் லாஸ்பேட்டையில், கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

சனி, ஞாயிறுகளில் கடற்கரையை ஒட்டிய வெள்ளை நகரத்தில் அறை வாடகை எகிறும், வண்டி நிறுத்த இடமும் கிடைக்காது. வடக்கே தள்ளித் தங்கினால் இரண்டும் மிச்சம். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். உள்ளூர்க்காரரிடம் ‘கருவடிக்குப்பத்தில் தங்கியிருக்கிறேன்’ என்றால் சிலர் ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஊரின் பெரிய சுடுகாடு இங்கே இருப்பதால் பெயரைக் கேட்டதும் அவர்களுக்கு அந்த நினைப்பு வந்துவிடும். நீங்கள் ‘சித்தானந்தர் கோயில் பக்கம்’ என்று சொல்லுங்கள். ஆட்டோக்காரருக்கும் வழி சட்டென்று விளங்கும்.

காலை 6 மணி: சித்தானந்தர் கோயில், குயில்தோப்பு

வெயில் ஏறுமுன் இங்கேயே தொடங்குங்கள். 1837இல் சமாதியான சித்தானந்த சுவாமிகளின் ஜீவசமாதிதான் இந்தக் கோயில். குரு வழிபாட்டுத் தலம் என்பதால் வியாழக்கிழமையில் கூட்டம் கூடுதல். அமைதியாக உட்கார நினைப்பவர்கள் வேறு நாளில் வரலாம்.

கோயிலை ஒட்டிய பகுதிதான் குயில்தோப்பு. 1908 முதல் 1918 வரை பத்து ஆண்டுகள் புதுச்சேரியில் இருந்த பாரதியார், ஊருக்குள் பிரிட்டிஷ் ஒற்றர்களின் கண் உறுத்தும்போதெல்லாம் இந்தப் பக்கத் தோப்புக்கு வந்துவிடுவாராம். தோப்பு முத்தியால்பேட்டை கிருஷ்ணசாமி செட்டியாருடையது. குள்ளமாக இருந்ததால் பாரதி வட்டத்தில் அவருக்கு ‘வெல்லச்சு செட்டியார்’ என்று பெயர். குயில் பாட்டு பிறந்த மண் என்று ஊர் கொண்டாடுவது இந்த இடத்தைத்தான். சித்தானந்தர் கோயிலையும் பாரதி தனியாகப் பாடியிருக்கிறார். அந்தக் காலத்துத் தோப்பை இன்று எதிர்பார்க்க வேண்டாம், சுற்றிலும் வீடுகள் வந்துவிட்டன.

பள்ளிக்கூட உலாவில் இந்த இடத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். மதியம் பாரதி வீட்டுக்குப் போகும்போது விடை கிடைக்கும்.

காலை 8 மணி: பெத்தி செமினார், மகாத்மா காந்தி சாலை

முத்தியால்பேட்டை மணிக்கூண்டைத் தாண்டித் தெற்கே போனால் அஜந்தா சிக்னல், அதற்கப்பால் மகாத்மா காந்தி சாலை நேராக ஊருக்குள் இறங்கும். இந்தச் சாலையில்தான் பெத்தி செமினார் பள்ளி இருக்கிறது. பள்ளி தொடங்கும் நேரத்தில் போனால் வாசலில் சைக்கிளும் ஸ்கூட்டரும் ஆட்டோவுமாக ஒரே நெரிசல். வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு எதிர்ப்பக்கம் நின்று பாருங்கள்.

1844ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஆயர் கிளெமான் பொன்னான் புதுச்சேரியில் சினாட் என்ற திருச்சபைப் பேரவையைக் கூட்டினார். இங்குள்ள கிறிஸ்தவர்களுக்கு இங்கிருந்தே குருமார்களை உருவாக்க வேண்டும், அதற்குப் பள்ளிகள் வேண்டும் என்று அங்கே முடிவானது. அதே ஆண்டில் பிறந்தது இந்தப் பள்ளி. குருத்துவத்துக்குப் போகவிருக்கும் சிறுவர்கள் உள்ளேயே தங்கி, உண்டு, படிக்கும் சிறிய செமினரியாகத் தொடங்கியது. பிறகு மற்றப் பிள்ளைகளுக்கும் கதவு திறந்தது. ‘பெத்தி செமினார்ல படிச்சவன்’ என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் குடும்பங்களை இன்றும் புதுச்சேரியில் தெருவுக்குத் தெரு பார்க்கலாம்.

அதே 1844இல், துப்புயி என்ற பாதிரியார் தமிழ்ப் பெண்களைக் கொண்டே ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார். தமிழ்ப் பெண் குழந்தைகளுக்கு எழுத்தறிவிப்பதே அவர்கள் பணி. பெண் பிள்ளை ஏடெடுத்தால் ஊர் வாயில் விழ வேண்டியிருந்த காலம் அது. மிஷன் அச்சகத்தைத் தொடங்கியதும், மூசே என்ற இன்னொரு பாதிரியாரோடு சேர்ந்து பெரிய தமிழ்–பிரெஞ்சு அகராதியைத் தொகுத்ததும் இதே துப்புயிதான். ஆண் பிள்ளைக்கு ஒரு விடுதிப் பள்ளி, பெண் பிள்ளைக்கு ஒரு கன்னியர் சபை, இரண்டுக்கும் புத்தகம் அச்சடிக்க ஓர் அச்சகம் என்று அந்த நாலைந்து ஆண்டுகளில் நடந்த வேலை பெரிது.

காலை 9 மணி: கலவைக் கல்லூரி, மிஷன் வீதி

இணையாக ஓடும் மிஷன் வீதிக்கு நடந்தே வந்துவிடலாம். சம்பா கோயில் என்று ஊர் அழைக்கும் அமலோற்பவ அன்னை பேராலயத்தைப் பார்த்துவிட்டு, அதே வீதியில் கலவைக் கல்லூரிக் கட்டடத்துக்கு வாருங்கள்.

1870களில் கலவை சுப்பராய செட்டியார் என்ற வணிகர் தம் கைப்பணம் போட்டுத் தொடங்கிய பள்ளி இது. அரசாங்கம் கட்டியது ஒரு பள்ளி, திருச்சபை கட்டியது ஒரு பள்ளி என்றிருந்த ஊரில், தமிழர் ஒருவர் தமிழ்ப் பிள்ளைகளை எண்ணித் தொடங்கியதுதான் இதன் சிறப்பு. வெளியே நின்று முகப்பை நிதானமாகப் பாருங்கள்.

பாரதிதாசன் என்று உலகம் அறிந்த கனக சுப்புரத்தினம் இங்கே தமிழ் படித்தார். படிப்பை முடித்த கையோடு 1909இல், பதினெட்டு வயதில், காரைக்கால் பக்கம் நிரவியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். 1946இல் ஓய்வு பெறும் வரை முப்பத்தேழு ஆண்டுகள் அவருக்குப் பள்ளிக்கூட வேலைதான். பாட்டும் பத்திரிகையும் போராட்டமும் அதற்கு மேற்கொண்டு செய்தவை.

கலவை என்ற குடும்பப் பெயரை மறக்காதீர்கள். மாலையில் மறுபடி வரும்.

காலை 10 மணி: லிசே, விக்டர் சிமோனல் வீதி

கால்வாயைத் தாண்டிக் கிழக்கே நடந்தால் வீதிகளின் நிறமே மாறும். பாரதி பூங்காவுக்குத் தெற்கே, சட்டமன்றம் இருக்கும் அதே விக்டர் சிமோனல் வீதியில் பிரெஞ்சு லிசே இருக்கிறது. ஊரில் ‘பிரெஞ்சு காலேஜ்’ என்றால் இதுதான். ஆளுநர் தெபசேன் தெ ரிஷ்மோன் 1826 அக்டோபர் 26 அன்று திறந்து வைத்தார். 2026 அக்டோபரில் கணக்குப் போட்டால் சரியாக இருநூறு. அன்று இதன் பெயர் அரசர் கல்லூரி. ஐரோப்பியர்களையும் அவர்கள் வழிவந்தவர்களையும் மனத்தில் வைத்துத் திறந்த வாசல் இது. தமிழ்ப் பிள்ளைகள் உள்ளே வரச் சில காலம் ஆயிற்று.

பிரான்சில் அரசர் போய்க் குடியரசு வந்தபோதெல்லாம் பள்ளியின் பெயர்ப்பலகையும் மாறியது. 1954 நவம்பர் 1இல் புதுச்சேரி இந்தியாவின் கைக்கு வந்தது. 1956 ஒப்பந்தத்தில் இந்தக் கல்வி நிலையம் தொடர இடம் வைத்தார்கள். சட்டப்படி முழு மாற்றம் 1962 ஆகஸ்ட் 16இல் நடந்தது. இன்றும் பிரெஞ்சு அரசின் வெளிநாட்டுக் கல்வி அமைப்பின்கீழ் பள்ளி நடக்கிறது. பிள்ளைகள் பாக்கலொரேயா என்ற பிரெஞ்சுப் பள்ளியிறுதித் தேர்வு எழுதுகிறார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளை இந்த வாசலில் பார்க்கலாம். ஒரே மூச்சில் தமிழும் பிரெஞ்சும் கலந்து சண்டை போட்டுக்கொள்வார்கள்.

சுற்றுலாப் பயணிகளுக்கு உள்ளே அனுமதி இல்லை. வாசல் காவலரிடம் கெஞ்ச வேண்டாம். அதே ஆளுநர் 1827இல் தொடங்கிய பொது நூலகம் ராஜ் நிவாஸ் பக்கம் இருக்கிறது. இப்போது ரோமன் ரோலன் நூலகம் என்று பெயர். அதைப் பார்த்தால் அந்த மனிதர் இரண்டே ஆண்டில் என்னென்ன செய்தார் என்பது விளங்கும்.

காலை 11 மணி: குளூனி, ரோமன் ரோலன் வீதி

ஆண் பிள்ளைகளுக்குக் கல்லூரி திறந்த மறு ஆண்டு, 1827இல், பெண் பிள்ளைகளுக்காகக் குளூனி சூசையப்பர் சபைக் கன்னியரைப் பிரான்சிலிருந்து வரவழைத்தார்கள். அன்ன மரி ஜவுகே என்ற பெண் தொடங்கிய சபை அது. பெண்கள் தங்கிப் படிக்கும் ‘பான்சியோனா’ அவர்கள் பொறுப்பில் வந்தது. அந்த மரபில் வந்த குளூனி பெண்கள் பள்ளி இன்றும் நடக்கிறது.

பள்ளிக்குள் போக முடியாவிட்டாலும், இந்த உலாவில் நீங்கள் உள்ளே கால் வைக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. ரோமன் ரோலன் வீதியில் பதினெட்டாம் நூற்றாண்டு மாளிகை ஒன்றில் நடக்கும் குளூனி பூத்தையல் நிலையம்தான் அது. உயர்ந்த தூண்கள், அகன்ற தாழ்வாரம். அங்கே பெண்கள் வெள்ளைத் துணியை மடியில் இழுத்துப் பிடித்து, ஊசியை மேலே கொண்டுவந்து, நூலை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி உள்ளே இறக்கிக்கொண்டிருப்பார்கள். மேசை விரிப்பின் ஒரு மூலைப் பூவைப் பார்த்துவிட்டு அதே துணியின் மறுபக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். முடிச்சு தெரியாது, நூல் வால் தொங்காது. முன்புறத்தைப் போலவே பின்புறமும் சுத்தம். கைவேலை பழக்கும் கன்னியர்மாரின் கண்டிப்பு அந்தப் பின்புறத்தில் இருக்கிறது. வாங்க விருப்பம் இருந்தால் வாங்கலாம். விலை இயந்திரத் தையலோடு ஒப்பிட முடியாதது, பேரம் பேசாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை போக வேண்டாம். படம் எடுக்கும் முன் கேளுங்கள்.

மதியம்: சாப்பாடும் இரண்டு வீடுகளும்

நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸில் சிற்றுண்டி மலிவு. முழுச் சாப்பாடு வேண்டுமென்றால் பெரிய மார்க்கெட்டைச் சுற்றியுள்ள மெஸ்களில் மீன் குழம்போடு கிடைக்கும். வெயில் தாழும்வரை ஓய்வெடுத்துவிட்டு, ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதியார் அருங்காட்சியகத்துக்கும், பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் அருங்காட்சியகத்துக்கும் போங்கள். திங்கட்கிழமை இரண்டுக்கும் விடுமுறை, உலாவை அன்றைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

காலையில் விட்ட கேள்விக்கு இங்கே வருகிறேன். பாரதி வீட்டுத் திண்ணையில் கூடிய நண்பர்களில் வ.வே.சு. ஐயரும் ஒருவர். 1910இல் லண்டனிலிருந்து தப்பி வந்து பத்தாண்டு இங்கே இருந்தவர். நாட்டுப்பற்றும் தாய்மொழியும் உடலுழைப்பும் கலந்த ஒரு தங்கும் பள்ளி வேண்டும் என்பது அந்த வட்டத்தின் பேச்சு. ஊர் திரும்பிய ஐயர் அதை நடத்தியே காட்டினார். 1922இல் சேரன்மாதேவியில் தமிழ்க் குருகுலம் எழுந்தது. காங்கிரஸ் நிதி கொடுத்தது, பொதுமக்கள் நன்கொடை கொடுத்தார்கள். ஆனால் அங்கே பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனியாகச் சாப்பாடு போடப்பட்டது வெளியே தெரிந்தது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை எதிர்த்து நின்றார்கள். ஒரு விடுதிப் பள்ளியின் பந்தி வரிசை தமிழ்நாட்டு அரசியலையே இரண்டாகப் பிளந்தது. 1925 ஜூனில் ஐயர் பாபநாசம் அருவியில் மறைந்தார். குருகுலமும் நிலைக்கவில்லை. தங்கிப் படிக்கும் பள்ளி நல்லதா கெட்டதா என்பதை வகுப்பறையில் தேடாதீர்கள், சாப்பாட்டுக் கூடத்தில் தேடுங்கள் என்பது அந்தக் கதையின் பாடம்.

மாலை 4 மணி: ஆசிரமப் பள்ளி

உலாவின் கடைசி நிறுத்தம் அரவிந்தர் ஆசிரமத்தைச் சுற்றிய சாம்பல் நிற வீதிகள். இங்கே ஆங்கிலப் பள்ளியின் கதை ஒன்று பின்னணியில் இருக்கிறது.

அரவிந்தர் ஐந்து வயதில், 1877இல், அண்ணன்மாரோடு டார்ஜிலிங் லொரெட்டோ கான்வென்ட் விடுதிக்கு அனுப்பப்பட்டார். இந்தியப் பழக்கம் எதுவும் ஒட்டக்கூடாது என்பது அப்பாவின் ஆசை. 1879இல் இங்கிலாந்து. மான்செஸ்டரில் ஒரு பாதிரியார் வீட்டில் சில ஆண்டுகள், 1884 முதல் லண்டன் செயின்ட் பால்ஸ் பள்ளி. ஜான் கோலெட் 1509இல் நிறுவிய அந்தப் பள்ளி, இங்கிலாந்தின் பழைய தனியார் பள்ளிகளின் முதல் வரிசையில் நிற்பது. கிரேக்கமும் லத்தீனும் அங்கே கரைத்துக் குடித்தார். ஊரிலிருந்து பணம் ஒழுங்காக வராததால் காலையில் ரொட்டி, வெண்ணெய், தேநீர், மாலையில் ஒரு பென்னி சாசேஜ் என்று ஒரு காலம் ஓடியது. உதவித்தொகையில் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி, ஐ.சி.எஸ். தேர்ச்சி, பிறகு குதிரையேற்றத் தேர்வுக்கு வராமல் வேலையைக் கைவிட்டது என்று மீதிக் கதை போகும்.

அவர் 1910 ஏப்ரல் 4 அன்று புதுச்சேரியில் இறங்கியபோது முதலில் தங்க இடம் கொடுத்தவர் கலவை சங்கர செட்டியார். காலையில் பார்த்த கல்லூரியின் அதே கலவைப் பெயர்.

இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் பயத்தால் அடியார்கள் குடும்பத்தோடு ஆசிரமத்துக்கு வந்தார்கள். பிள்ளைகள் நிறைந்த பிறகு பள்ளி வேண்டியிருந்தது. 1943 டிசம்பர் 2 அன்று, ஆசிரமத்தை நடத்திவந்த அன்னை சுமார் இருபது பிள்ளைகளோடு அதைத் தொடங்கினார். 1952 ஜனவரி 6இல் அது சர்வதேசப் பல்கலைக்கழக மையம் ஆனது. 1959இல் சர்வதேசக் கல்வி மையம் என்று பெயர் மாறியது. மாணவர்கள் ஆசிரம விடுதிகளிலேயே வளர்கிறார்கள். ஆங்கிலமும் பிரெஞ்சும் பயிற்று மொழிகள். மதிப்பெண் போட்டி இல்லை, பட்டமோ சான்றிதழோ வழங்குவதில்லை. பிள்ளை தன் வேகத்தில் தானே தேர்ந்து படிக்கட்டும் என்பது முறை. இங்கிலாந்தின் தேர்வு எந்திரத்தில் பரிசு மேல் பரிசு வாங்கிய ஒருவரின் பெயரால் நடக்கும் பள்ளியில் தேர்வே இல்லை என்பதை நின்று யோசிக்கலாம்.

வகுப்பைப் பார்க்க முடியாது, உடற்பயிற்சி நேரத்தைப் பார்க்கலாம். மாலையில் அரைக்கால் சட்டையும் சட்டையுமாகப் பிள்ளைகள் சைக்கிளில் மைதானத்துக்குப் போவார்கள். வயதுப் பிரிவுக்கு ஒரு நிறச் சீருடை. அவர்களோடு நரைத்த தலைகளும் அதே உடையில் போவதைப் பார்த்தால் வியக்காதீர்கள். ஆசிரமத்தில் உடற்பயிற்சி எல்லா வயதுக்கும் உண்டு.

சமாதி இருக்கும் பிரதானக் கட்டடத்துக்குள் பொதுமக்கள் காலையும் பிற்பகலும் போகலாம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. செல்பேசியை அணைத்துவிடுங்கள். டிசம்பர் 1, 2 தேதிகளில் பள்ளியின் கலைநிகழ்ச்சியும் உடற்பயிற்சிக் காட்சியும் நடக்கும். பார்க்க விரும்பினால் ரங்கப்பிள்ளை வீதியில் உள்ள பீரோ சென்ட்ரலில் அனுமதி பற்றி முன்கூட்டியே கேளுங்கள். ஆகஸ்ட் 15 தரிசன நாள், அரவிந்தர் பிறந்தநாளும் அதுவே. அன்றைய கூட்டத்தில் பள்ளி வீதிகளை நிதானமாகப் பார்க்க இயலாது.

கைக்குறிப்பு

• வேலை நாளில் வந்தால் பள்ளிகளை உயிரோடு பார்க்கலாம், விடுமுறை நாளில் முகப்புகளைத் தடையில்லாமல் பார்க்கலாம். என் யோசனை செவ்வாய் முதல் வெள்ளி.

• நவம்பர் மழை, மே வெயில் இரண்டும் வேண்டாம். டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை நல்ல காலம், ஆனால் புத்தாண்டு வாரத்தில் ஊரே நிரம்பி வழியும்.

• வாடகை ஸ்கூட்டர் எடுப்பவர்கள் ஹெல்மெட்டையும் ஓட்டுநர் உரிமத்தையும் மறக்க வேண்டாம். வெள்ளை நகரத்தில் ஒருவழிப் பாதைகள் அதிகம். ஊருக்குள் நடையே நல்லது.

• கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணி முதல் மறுநாள் காலை வரை வண்டிகள் ஓடாது. உலாவை அங்கே முடிக்கலாம்.

• கருவடிக்குப்பம் திரும்ப அஜந்தா சிக்னல் பக்கமிருந்து ஷேர் ஆட்டோ கிடைக்கும். கட்டணத்தை ஏறுமுன் பேசிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இவை இன்றும் மணி அடித்து வகுப்பு நடக்கும் பள்ளிகள். பிள்ளைகளின் முகம் விழும்படி படம் எடுக்காதீர்கள், எடுத்து இணையத்தில் போடாதீர்கள். பள்ளி விடும் நேரத்தில் வாசலை மறித்து நிற்காதீர்கள். உங்கள் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். ஒவ்வொரு வாசலிலும், ‘இருநூறு வருஷத்துக்கு முன்னால் உன்னை உள்ளே விட்டிருப்பார்களா?’ என்று கேளுங்கள். பெண் குழந்தைகளிடம் கட்டாயம் கேளுங்கள்.